வாச்சாத்திக்கு மறுபக்கம் கேட்பவருக்கு

சென்ற இதழில் ‘மறுபக்கத்தையும் கேளுங்கள்’ என்ற தலைப்பில் பொம்மிடி வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் வெளியாகியிருந்தது. வாச்சாத்தி வழக்கில் தண்டிக்கப்பட்ட அரசு ஊழியர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டுவிட்டது, ஊர்க்காரர்கள் சொன்னதை மட்டும் உலகம் நம்பிவிட்டது என்பதுதான் அதன் சாரம். கடிதம் மரியாதையான நடையில் எழுதப்பட்டிருக்கிறது. பழமொழி இருக்கிறது, சொந்த அனுபவம் இருக்கிறது, தருமபுரி மாவட்டத்தின் மீது அக்கறையும் தெரிகிறது. ஆதாரம் மட்டும் ஒரு வரிகூட இல்லை.

நானும் பொம்மிடிக்காரன்தான். கடிதத்தில் உள்ள வாதங்களில் எனக்குப் புதியது ஒன்றும் இல்லை. ரயிலடி டீக்கடையில் கேட்டவை, அரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்டவை, கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டவை. படித்தவர்கள் சொல்கிறார்கள், நல்லவர்கள் சொல்கிறார்கள். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். அதனால்தான் பதில் எழுதுகிறேன். ஒரு தனிமனிதரைத் திட்டித் தீர்ப்பது என் நோக்கமல்ல. ஒரு கொடுமையை மறைப்பதற்கு நம் ஊர்ப் பேச்சு பழகி வைத்திருக்கும் குறுக்கு வழிகளை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக மொத்தம் 269 பேர் வாச்சாத்திக்குள் போனார்கள். அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடி மக்கள் வாழும் ஊர் அது. கடத்திய சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு போனவர்கள் ஊராரை அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், ஆடுமாடுகளைக் கொன்றார்கள், தானியத்தில் கண்ணாடித் துண்டைக் கலந்தார்கள். 18 பெண்களை ஏரிக்கரைக்கு இழுத்துப்போய்ப் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கினார்கள். நூறு பேருக்கு மேல் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம்.

1995இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வழக்கு சிபிஐ கைக்குப் போனது. 269 பேரும் குற்றம் சாட்டப்பட்டார்கள். விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வனத்துறையில் 126 பேர், காவல்துறையில் 84 பேர், வருவாய்த்துறையில் 5 பேர். இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் அதில் அடக்கம். வல்லுறவுக் குற்றம் 17 பேர் மீது உறுதியானது. 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு சிறை. தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அத்தனை முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். தீர்ப்புக்கு முன் அவரே வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

இவ்வளவும் பொதுவெளியில் இருப்பவை. இவற்றில் எது பொய் என்று கடிதம் சொல்லவே இல்லை. ஆதாரத்தில் கை வைக்காமல் வேறு ஏழெட்டு வழிகளில் சுற்றி வருகிறது. அந்த வழிகளைப் பார்ப்போம்.

“சந்தனமரம் கடத்தினார்களா இல்லையா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்” என்று கடிதம் ஆரம்பிக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக் கேட்பது போன்ற கேள்வி. ஆனால் இந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி அது அல்ல. அந்தப் பெண்களுக்கு இந்தக் கொடுமை நடந்ததா, செய்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி. அதற்கு “அவர்கள் கடத்தல்காரர்கள்” என்பது எந்த வகையில் பதில்? ஊரே சேர்ந்து மரம் வெட்டியது என்றே வைத்துக்கொள்வோம். சந்தனமரத்தை வெட்டினால் என்ன தண்டனை என்பதை வனச்சட்டம் சொல்கிறது. பிடிக்கலாம், கட்டையைப் பறிமுதல் செய்யலாம், வழக்குப் போடலாம், கோர்ட்டில் நிறுத்தலாம். வீட்டை இடிக்கலாம் என்றோ, தானியத்தில் கண்ணாடித் துண்டைக் கலக்கலாம் என்றோ, ஒரு பெண்ணை ஏரிக்கரைக்கு இழுத்துப் போகலாம் என்றோ எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. குற்றம் சாட்டியவரின் குணத்தைப் பேசி, சாட்டிய குற்றத்தைப் பேசாமல் விடுவது விவாதத்தில் மிகப் பழைய ஏமாற்று.

இதே ஏமாற்றை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஒருவர் பேரூராட்சியில் போய்ச் சொன்னால், “நீ வீட்டுவரி கட்டிட்டியா?” என்று கேட்கிறார்கள். அவர் வரி கட்டினாரா என்பது வேறு கணக்கு. கட்டாவிட்டாலும் சாக்கடை அடைத்துக்கொண்டுதான் கிடக்கிறது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். வாச்சாத்தி என்று வந்தால் மட்டும் அதே ஏமாற்று ஏன் பெரிய நியாயமாகத் தெரிகிறது? பாதிக்கப்பட்டவர்கள் மலையடிவாரத்து ஏழைகள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடத்தலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் உயர் நீதிமன்றம் அதைப் பற்றிச் சொன்னதையாவது படித்திருக்க வேண்டும். உண்மையான கடத்தல்காரர்கள் யார் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது, அவர்களையும் அவர்களுக்குப் பின்னால் இருந்த பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இந்த ஊர் பலியாக்கப்பட்டது என்பது நீதிமன்றம் கண்ட முடிவு. “கடத்தினார்களா இல்லையா” என்ற கேள்வியைத் தன் வாதத்தின் அடித்தளமாக வைத்த கடிதம் இந்த முடிவைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அடுத்தது பழமொழி. “நெருப்பில்லாமல் புகையுமா? ஊரைச் சந்தேகப்பட ஏதோ காரணம் இருந்திருக்கும்” என்கிறது கடிதம். பழமொழியைச் சொல்லிவிட்டால் நிரூபித்தாகிவிட்டது என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. புகையைக் கண்டு நெருப்பை அறிவது நல்ல தருக்கம்தான். மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும்போது இதே எடுத்துக்காட்டைத்தான் கையாளுகிறார். ஆனால் அதே இடத்தில் போலி ஏதுக்களையும், அதாவது பொய்யான காரணங்களையும், ஒரு பெரிய பட்டியலாகத் தருகிறார். கண்ணில் படுவது மூடுபனியா புகையா என்றே நிச்சயமாகாதபோது, புகைதான் என்று எடுத்துக்கொண்டு நெருப்பை முடிவுகட்டுவது அந்தப் பட்டியலில் ஒன்று. மார்கழிக் காலையில் பொம்மிடியிலிருந்து சேர்வராயன் மலைப் பக்கம் பார்ப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரிவு முழுக்க வெள்ளையாக எழும்புவதைப் பார்த்துக் காடு எரிகிறது என்று யாரும் ஓடுவதில்லை. சந்தேகம் எழுந்தது என்பதாலேயே குற்றம் நடந்தது என்று ஆகாது. தமிழில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த பாடம் இது.

கடிதத்தின் உண்மையான முகம் இதற்கு அடுத்த பத்தியில் தெரிகிறது. 18 பெண்களின் குற்றச்சாட்டைப் பற்றிச் சொல்லும்போது, “யாரோ கைநீட்டிச் சொன்னால் அது உண்மையாகிவிடுமா?” என்று கேட்கிறார். வனத்துறை ஊரின் மீது சொன்ன சந்தேகத்துக்கு நெருப்பில்லாமல் புகையாது. பெண்கள் வனத்துறையின் மீது சொன்ன குற்றத்துக்கு மட்டும் புகை எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். ஒரே கடிதத்தில், ஒரே பக்கத்தில் இரண்டு தராசு. எந்தத் தராசில் யாரை நிறுத்துவது என்பதை அவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். அதிகாரமுள்ளவன் சொன்னால் காரணம், இல்லாதவள் சொன்னால் கட்டுக்கதை. இதற்கு நடுநிலை என்று பெயர் வைத்து நம்மிடம் நீட்டுகிறார்.

மூன்றாவது வாதம்தான் டீக்கடையில் அதிகம் எடுபடுவது. “269 பேரும் கற்பழிப்பவர்களா? குடும்பம் குட்டி உள்ளவர்கள், படித்தவர்கள், அத்தனை பேரும் ஒரே நாளில் மிருகமாகிவிட்டார்களா? நம்புகிற மாதிரி இருக்கிறதா?” இதில் இரண்டு பிழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதல் பிழை, சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அதை அடிப்பது. 269 பேரும் வல்லுறவு செய்தார்கள் என்று அந்தப் பெண்கள் சொல்லவில்லை, சிபிஐ சொல்லவில்லை, இரண்டு நீதிமன்றங்களும் சொல்லவில்லை. வல்லுறவுக்குத் தண்டனை பெற்றவர்கள் 17 பேர். மற்றவர்கள் தண்டிக்கப்பட்டது அடித்ததற்கு, உடைத்ததற்கு, மறைத்ததற்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் குற்றங்களுக்கு. அவர்களில் பலருக்கு ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரைதான் தண்டனை. யார் எதைச் செய்தார்கள் என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்துத்தான் தண்டித்திருக்கிறது. கடிதம்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பி, யாரும் சொல்லாத ஒரு குற்றச்சாட்டைத் தானே உண்டாக்கி, அதைத் தானே வீழ்த்திக் காட்டுகிறது.

இரண்டாவது பிழை, தன்னால் நம்ப முடியவில்லை என்பதையே நடக்கவில்லை என்பதற்குச் சான்றாக வைப்பது. நம்ப முடியாமை நம் மனசைப் பற்றிய செய்தி. 1992 ஜூன் 20 அன்று நடந்ததைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எண்ணிக்கையைக் காட்டி மிரட்டுகிறார் அல்லவா, அந்த எண்ணிக்கை அவருக்கு எதிராகத்தான் நிற்கிறது. சீருடை போட்ட நான்கு பேர் ஓர் ஊருக்குள் போனால், ஊரார் கேள்வி கேட்பார்கள் என்ற பயம் கொஞ்சமாவது இருக்கும். 269 பேர் போகும்போது எதிர்த்துக் கேட்க ஆள் இருக்காது. பக்கத்தில் நிற்பவன் தடுக்கமாட்டான். மேலதிகாரி கூடவே நிற்கிறார். கூட்டமாக இருந்ததால் நடந்திருக்காது என்கிறார் இவர். கூட்டமாக இருந்ததால்தான் நடந்தது.

நான்காவது வாதத்தைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. “அன்றைக்கே ஏன் புகார் கொடுக்கவில்லை? ஆற அமர யோசித்துப் பிறகுதானே சொன்னார்கள்?” அன்றைக்கு அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று இதை எழுதும்போது அவர் ஒரு கணமாவது நினைத்துப் பார்த்தாரா? அந்தப் பெண்கள் பிடித்தவர்களின் காவலில் இருந்தார்கள். முதலில் அரூர் வனத்துறை அலுவலகத்துக்கும், பிறகு சேலம் சிறைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். புகார் கொடுக்க வேண்டுமென்றால் யாரிடம் கொடுக்க வேண்டும்? ஊருக்குள் வந்தவர்களில் 108 பேரை அனுப்பிய அதே காவல்துறையிடம். விசாரிக்க வேண்டியவர் யார்? ஊருக்குள் வந்தவர்களில் 6 பேரை அனுப்பிய அதே வருவாய்த்துறை. கதவையெல்லாம் அடைத்துவிட்டு, ஏன் வெளியே வரவில்லை என்று கேட்பதற்குப் பெயர் வாதமல்ல, வன்மம்.

சிறையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் பார்த்தது என்ன? ஓடு நொறுங்கிய வீடு. குடிக்க ஆகாதபடி கெடுக்கப்பட்ட கிணறு. கண்ணாடித் துண்டு கலந்து கிடக்கும் தானியம். கைப்பிடி அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்தாலும் கண்ணாடி தனியே வராது. ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டும். இந்த நிலையில் இருந்த பெண் முதலில் எதைச் செய்வாள்? பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுவாளா, பஸ் ஏறிப் போய் அதே காக்கிச்சட்டைக்கு முன்னால் நின்று தன் உடம்புக்கு நடந்ததை எழுதிக் கொடுப்பாளா?

தாமதமான புகார் பொய்ப்புகார் என்ற எண்ணத்தைச் சட்டம் எப்போதோ தள்ளிவிட்டது. மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமிக்குக் காவல் நிலையத்தில் நேர்ந்த கொடுமையில், குற்றம் சாட்டப்பட்ட போலீசாரை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நாடு முழுவதும் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் தனக்குச் சம்மதமில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் சேர்த்தார்கள். புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று 1996இல் பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கடிதம் எழுதியவர் இன்னமும் 1983க்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்.

ஐந்தாவது, “இதற்குப் பின்னால் கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது. ஓட்டுக்காகக் கிளப்பிய விவகாரம்.” மார்க்சிஸ்ட் கட்சியும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இந்த வழக்கைக் கையிலெடுத்துப் போராடின என்பது உண்மை. அன்று கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவர்களுக்கு அரசியல் நோக்கமும் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் நடந்தது நடக்காததாகிவிடுமா? ஒரு செய்தியைக் கொண்டுவந்தவர் யார் என்பதை வைத்து அது பொய்யா மெய்யா என்று முடிவுகட்ட முடியாது. வீட்டில் திருடன் நுழைந்தான் என்று பகையாளி வந்து சொன்னாலும் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கட்சி கொண்டுபோனதைக் கட்சியே தீர்ப்பு எழுதவில்லை. சிபிஐ விசாரித்தது, சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு ஆளானார்கள், நீதிமன்றம் எடைபோட்டது. இத்தனை சல்லடைகளில் சலித்து வந்த உண்மையை, முதலில் எடுத்துக் கொடுத்த கையைக் காட்டி அழிக்கப் பார்க்கிறார்.

வேறு யாரும் அன்று ஏன் போகவில்லை என்பதைத்தான் நாம் கேட்டிருக்க வேண்டும். பொம்மிடியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வழியாகப் போனால் வாச்சாத்தி அரை நாள் பயணம்கூட இல்லை. நம் மாவட்டத்துப் பெரிய கட்சிகளும், பெரிய மனிதர்களும், சாதிச் சங்கங்களும் போயிருந்தால் “கம்யூனிஸ்ட் விவகாரம்” என்ற பெயரே வந்திருக்காது.

ஆறாவது வாதம், “வீரப்பன் எத்தனை போலீசாரையும் வனத்துறையினரையும் கொன்றான்? அதற்கு யார் அழுதீர்கள்?” என்பது. வீரப்பன் கொலைகாரன். அவனால் பறிபோன ஒவ்வோர் உயிரும் விலைமதிப்பற்றது. அந்தக் குடும்பங்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவனைத் தேட இரண்டு மாநில அரசுகள் படை வைத்தன, கோடிக்கணக்கில் செலவழித்தன. 2004 அக்டோபர் 18 அன்று நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கு அருகில்தான் அவன் சுட்டுக்கொல்லப்பட்டான். அதற்கு யாரும் அழவில்லை என்பது உண்மையல்ல. அது இருக்கட்டும், வாச்சாத்திப் பெண்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? வீரப்பன் செய்ததற்கு ஏரிக்கரையில் ஒரு சிறுமி ஏன் விலை கொடுக்க வேண்டும்? ஒரு கொடுமையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கொடுமையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவது இரண்டு கொடுமைகளுக்கும் செய்யும் துரோகம். கொல்லப்பட்ட வனக்காவலரின் நினைவை வல்லுறவுக்குற்றவாளிக்குக் கேடயமாக நீட்டுவதைவிட அந்த வனக்காவலருக்குச் செய்யும் பெரிய அவமானம் வேறில்லை.

ஏழாவது, “வனத்துறையை இப்படித் தூற்றினால் காட்டை யார் காப்பது? ஒன்று அவர்களை நம்புங்கள், இல்லையென்றால் காடு போய்விடும்.” இரண்டே வழிகள்தான் இருப்பது போல ஒரு கட்டம் போட்டு நம்மை அதற்குள் நிறுத்தப் பார்க்கிறார். காட்டையும் காக்கலாம், பெண்களையும் காக்கலாம். சித்தேரியிலும் சேர்வராயனிலும் காட்டுத்தீ வரும்போது முதலில் ஓடுவது மலைவாழ் மக்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்தத் துறையும் காட்டைக் காத்ததாகச் சரித்திரம் இல்லை. வாச்சாத்தியை மறைப்பது காட்டைக் காக்கும் வழியென்றால், அந்தக் காட்டைக் காக்கிறவர்கள் மீது அந்த மக்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

எட்டாவது, “எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவர் தங்கமான மனிதர்.” இருக்கட்டும். எனக்கும் அப்படிப்பட்டவர்களைத் தெரியும். தண்டிக்கப்பட்ட 215 பேரில் அவர் ஒருவரா? இல்லையென்றால் அவருடைய நல்ல குணம் இந்த வழக்கில் எதற்குச் சான்று? ஒரு நல்லவரைக் காட்டி மொத்தத் துறையையும் நல்லதாக்குவதும், 17 குற்றவாளிகளைக் காட்டி வனத்துறையில் உள்ள அத்தனை பேரையும் கெட்டவர்களாக்குவதும் ஒரே பிழையின் இரண்டு முனைகள். இரண்டாவதை என் பக்கத்து ஆட்கள் சிலர் செய்கிறார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். நேர்மையாக வேலை செய்யும் வனக்காவலரின் பெயரைக் கெடுத்தவர்கள் வாச்சாத்திக்குள் போன அவருடைய சகாக்கள்தான். தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அல்ல.

கடைசியாக, கடிதத்தின் தலைப்பு. மறுபக்கத்தையும் கேளுங்களாம். மறுபக்கத்தைக் கேட்காமலா, சம்பவம் நடந்து 19 ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வந்தது? குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அரசுச் சம்பளம் இருந்தது, பலருக்குப் பதவி உயர்வும் வந்தது. சாட்சிகளைக் கேள்வி கேட்டார்கள். மேல்முறையீட்டில் இன்னும் 12 ஆண்டுகள் போயின. மொத்தம் 31 ஆண்டுகள். இந்த நாட்டில் ஓர் ஏழைக்கு எதிரான வழக்கில் அவனுடைய பக்கத்தைக் கேட்க யாரும் 31 ஆண்டுகள் காத்திருந்ததில்லை. அந்த மறுபக்கம் முழுவதும் கேட்கப்பட்டது, சோதிக்கப்பட்டது, பொய்யென்று காணப்பட்டது. விசாரித்து முடித்த பொய்யையும் விசாரித்து உறுதிசெய்த உண்மையையும் இரண்டு பக்கங்களென்று அருகருகே உட்காரவைப்பது நடுநிலை அல்ல. பொய்க்கு நாற்காலி போடுவது.

வழக்கு இத்தனை ஆண்டு இழுத்ததே வழக்கில் சத்து இல்லை என்பதற்கு அடையாளம் என்று கடிதம் ஓரிடத்தில் சொல்கிறது. இழுத்தவர்கள் யார்? வீடிழந்து கூலிக்குப் போன பெண்களா? தாமதத்தால் நன்மை அடைந்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள். 54 பேர் தீர்ப்பைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்கள். பெண்களோ பேரன் பேத்தி எடுக்கும் வயதிலும் கோர்ட்டுப் படியேறினார்கள். தாமதத்தின் பலனை அனுபவித்தவர்களுக்கு ஆதரவாக அதே தாமதத்தைச் சான்றாகக் காட்டுவது வாதத்திலும் தவறு, மனசாட்சியிலும் தவறு.

வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இப்படிப்பட்ட வாதங்களைப் பிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மூன்று கேள்விகள் போதும். முதலில் எதைப் பற்றிப் பேசினோம், இப்போது எதைப் பற்றிப் பேசுகிறோம்? நடுவில் கேள்வி மாறியிருந்தால் யார் மாற்றினார்கள் என்று பாருங்கள். கடிதத்தின் எட்டு வாதங்களும் இந்த ஒரே கேள்வியில் அகப்பட்டுவிடும். 18 பெண்களுக்கு நடந்ததா என்ற கேள்வியிலிருந்து சந்தனத்துக்கு, கட்சிக்கு, வீரப்பனுக்கு, காட்டுக்கு என்று அவர் ஓடிக்கொண்டே இருக்கிறார். இரண்டாவது கேள்வி, ஆட்களை மாற்றிப் போட்டாலும் இதே வாதத்தைச் சொல்வீர்களா? பொம்மிடியில் ஒரு வீட்டில் கள்ளச்சாராயம் இருக்கிறது என்ற சந்தேகத்தில் 269 பேர் நம் தெருவுக்குள் புகுந்து நம் வீட்டுப் பெண்களை இழுத்துப் போனால், “சாராயம் காய்ச்சினார்களா இல்லையா” என்று கேட்பீர்களா? மூன்றாவது, நீங்கள் சொல்வது தவறு என்று காட்ட எந்தச் சான்று வந்தால் ஒப்புக்கொள்வீர்கள்? சிபிஐ விசாரணை போதவில்லை, அமர்வு நீதிமன்றம் போதவில்லை, உயர் நீதிமன்றம் போதவில்லை என்றால், எதுவுமே போதாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார் என்று பொருள். அப்படிப்பட்டவர் விவாதிக்க வரவில்லை.

கடிதம் எழுதிய ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வயதுக்கு மரியாதை கொடுக்கிறேன். உங்கள் வாதங்களுக்குக் கொடுக்க முடியாது. அவற்றில் ஒன்றுகூட அந்த 18 பெண்களின் சாட்சியத்தைத் தொடவில்லை. அடுத்த முறை எழுதுவதற்கு முன் 2023 தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். அதில் ஒரே ஒரு உண்மைத் தவறைச் சான்றோடு காட்டினால் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அதுவரை, வாச்சாத்தியில் நடந்தது அரசு ஊழியர்கள் கூட்டாகச் செய்த குற்றம். இரண்டு நீதிமன்றங்கள் அதை உறுதி செய்துவிட்டன. நம் மாவட்டத்தில் இதை மறுத்துப் பேசும் ஒவ்வொருவரும் அந்தக் குற்றத்தை மூடி மறைத்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்கிறார்.